பிழிவதற்கு இரண்டு பேர்

எங்கள் வீட்டில் படுக்கை விரிப்பைப் பிழிவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையை நான் பிடித்துக்கொள்வேன். மறுமுனை என் கணவரின் அக்காவிடம் இருக்கும். எதிரெதிரே நின்றுகொண்டு அவரவர் வலப்பக்கமாகத் திருக வேண்டும். அப்போதுதான் துணியில் முறுக்கு ஏறும். ஒருத்தி இடப்பக்கம் திருகிவிட்டால் விரிப்பு வெறுமனே சுழலுமே தவிர ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது. முதல் நாள் நான் அப்படித்தான் செய்தேன். அக்கா தன் முனையைத் தளர்த்திவிட்டுக் கேட்டார்:

"ஏம்மா, துணி பிழியறியா, ஸ்கிப்பிங் ஆடறியா?"

எங்கள் வீட்டுக்கு வந்து அவர் சிரித்த முதல் சிரிப்பு அது.

நான் பிள்ளை பெற்றிருந்த சமயம். பத்து நாள் கூடமாட இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். கையில் ஒரு தகரப் பெட்டி, ஒரு குடை. கல்யாணமான இரண்டாம் வருடமே கணவன் வேறொருத்தியோடு போய்விட்டான். அதிலிருந்து பிறந்த வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார். பெற்றவர்கள் போனபின் அந்த வீடும் கைமாறிவிட்டது. பத்து நாள் பதினைந்தாயிற்று. என் விடுப்பு முடிந்தது. நான் நூலகத்து வேலைக்குத் திரும்பிய காலையில், குழந்தையை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்று, "போயிட்டு வா, நான் பார்த்துக்கறேன்" என்றார். அப்படியே முப்பத்தாறு வருடம் பார்த்துக்கொண்டார்.

"இங்கேயே இருந்துவிடுங்கள்" என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. என் கணவர் பேச்சில் சிக்கனமானவர். அக்காவிடம் இதையெல்லாம் வாய்விட்டா சொல்லவேண்டும் என்று நினைத்திருப்பார். நான் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

அவர் வந்து ஆறேழு மாதம் ஆகியிருக்கும். நூலகத்தில் என்னோடு வேலை பார்த்தவள் ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தாள். புறப்படும்போது வாசற்படியில் நின்று, "உன் நாத்தனார் இன்னும் போகலையா?" என்று கேட்டாள். "கைக்கு ஒத்தாசையா இருக்காங்க. இருந்துட்டுப் போகட்டுமே" என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பினேன். அக்கா காய்ந்த துணிகளைக் கையில் ஏந்தியபடி கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "மழை வர மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாளிலிருந்து அவர் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்துகொள்ள ஆரம்பித்தார்.

அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு எத்தனையோ வருடம் அவகாசம் இருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சந்தர்ப்பம் இருந்தது என்றுகூடச் சொல்லலாம். மற்ற துணிகளை வாரநாட்களில் நான் வேலைக்குப் போனபின் அவரே துவைத்து உலர்த்திவிடுவார். படுக்கை விரிப்புகளை மட்டும் என் விடுமுறைக்கு ஒதுக்கி வைப்பார். "இதுக்கு ரெண்டு பேர் வேணும். நீ இருக்கறப்போ பார்த்துக்கலாம்" என்பார். பின்கட்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், நாலடி இடைவெளியில் நின்று நாங்கள் பிழிவோம். எங்கள் பேச்செல்லாம் அங்கேதான். சமையலறையில் அவர் முதுகைத்தான் பார்க்க முடியும். கூடத்தில் என் கணவர் இருப்பார். விரிப்பின் இரண்டு முனைகளில் நிற்கும்போது மட்டும் முகத்தைப் பார்த்தாக வேண்டும், கையும் சும்மா இருக்காது. அங்கே நின்றுதான் தன் கணவனைப் பற்றி ஒரே ஒரு முறை சொன்னார்: "நல்லா சீட்டியடிப்பான். அதுல விழுந்துட்டேன்." என் மகன் பரீட்சையில் தோற்றதை அவன் என்னிடம் சொல்வதற்கு முன்னால் அவர்தான் அங்கே சொன்னார். "முறுக்கை விட்டுடாதே, கேளு" என்று ஆரம்பித்தார். என் கணவருக்கு வந்திருந்த நோயின் பெயரை நான் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னதும் அங்கேதான்.

அந்த வாக்கியம் மட்டும் வரவில்லை. அதைப் பேச எடுத்தால், அன்று அவர் கேட்டார் என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் கேட்டது எனக்குத் தெரியும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவு தைரியம் எனக்கு இல்லை.

அந்த நோயிலேயே கணவர் போய்விட்டார். அதற்கு முந்தைய வருடம்தான் நான் ஓய்வு பெற்றிருந்தேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். மகன் விமானத்தில் போகவேண்டிய தூரத்தில் இருக்கிறான். ஒரு விடுமுறையில் வந்தபோது, எனக்கு இடுப்பு வலி, அக்காவுக்கு மணிக்கட்டு வீக்கம், இரண்டோடும் நாங்கள் விரிப்புப் பிழிவதைப் பின்வாசலில் நின்று பார்த்தான். மூன்றாம் நாள் வாஷிங் மெஷினோடு வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது.

பொருத்த வந்த ஆள் ரொம்பப் பேசுகிறவர். மெஷினுக்கு முன்னால் எங்களைப் பள்ளிப் பிள்ளைகள்போல் நிற்கவைத்து விளக்கினார்.

"துணியைப் போடறீங்க. பவுடர் போடறீங்க. இந்தப் பொத்தானை அமுக்கறீங்க. அவ்வளவுதாம்மா. அப்புறம் நீங்க போய் உட்கார்ந்துக்கலாம்."

"எங்க உட்காரணும்?" என்று கேட்டார் அக்கா.

அந்த ஆள் குழம்பிப்போனார். "எங்க வேணும்னாலும் உட்காரலாம்மா. மெஷினுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"காலர் அழுக்கு அதுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாத்தையும் சேர்த்து அலசிடும்மா."

"அப்போ அதுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அக்கா சமையலறைக்குப் போனார். அந்த ஆள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நானும் சிரித்தேன்.

இனி நான் எழுதப்போவது சந்தோஷமான விஷயம். எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

எனக்கு அந்த மெஷின் அவ்வளவு பிடித்துப்போயிற்று. முதல் நாள் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அதன் வட்டக் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன். என் பச்சைச் சேலை மேலே ஏறியது, பொத்தென்று விழுந்தது, மறுபடி ஏறியது. எனக்காக யாரோ வேலை செய்துகொண்டிருக்கிறார்கள், நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அறுபத்திரண்டு வயதில் எனக்கு அது புதுசு. கடைசியில் அது வேகமெடுத்துத் தரை அதிரச் சுழன்று நின்றது, ஒரு சின்ன மெட்டுப் பாடியது. கதவைத் திறந்தேன். விரிப்பு இளஞ்சூடாக, பிழிந்ததற்கும் மேலாக, பாதி உலர்ந்தே வெளியே வந்தது. அதை முகத்தில் வைத்துக்கொண்டேன்.

முப்பத்தொரு வருடம் நூலகத்தில் அட்டவணை எழுதியவள் நான். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியாது. முகப்புப் பக்கத்தைப் பார்த்து எழுதி அடுக்குவதற்கே பொழுது சரியாக இருந்தது. மெஷின் வந்தபின்தான் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படிக்க ஆரம்பித்தேன். பக்கத்து அறையில் அது உருண்டுகொண்டிருக்கும், நான் காலை நீட்டிக்கொண்டு படிப்பேன். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் படிப்பில் ருசி குறைந்தது. அழுக்குத் துணி சேராத நாளில் சுத்தமான துண்டுகளைப் போட்டு ஓடவிட்டதும் உண்டு.

ருசி கண்டுவிட்டேன். ஆறு மாதத்தில் பாத்திரம் கழுவும் மெஷின் ஒன்றை நானே போய் வாங்கிவந்தேன். அடுத்த வருடம் மகன் தானாகவே தரையில் ஊர்ந்து பெருக்கும் வட்டமான ஒன்றை அனுப்பினான். அதற்கு அக்கா ஆமை என்று பெயர் வைத்தார். கட்டிலுக்கடியில் போய் மாட்டிக்கொண்டு அது முனகும்போது, "வெளிய வாடா, உன்னை யாரும் அடிக்க மாட்டாங்க" என்று குனிந்து கூப்பிடுவார். தகரப் பெட்டியில் இடித்துத்தான் அது எப்போதும் திரும்பும். "பார்த்தியா, என் பெட்டிக்கிட்ட மட்டும் வம்புக்குப் போகுது" என்பார். அவர் துணிகளுக்கென்று அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்துகொடுத்து முப்பது வருடம் ஆகியிருந்தது. அவர் அதில் ஒரு கைக்குட்டைகூட வைத்ததில்லை.

அவருக்கும் இதெல்லாம் வேடிக்கையாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். வேடிக்கையாகத்தானே பேசினார். மெஷின் மெட்டுப் பாடினால், படித்துக்கொண்டிருக்கும் என்னைத் தாண்டி முதலில் ஓடுவது அவர்தான். "கூப்பிடுது. உன்னைவிட மரியாதையா கூப்பிடுது" என்பார். மெஷினில் போடுவதற்கு முன் காலர்களையும் ஓரங்களையும் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கசக்கிவைப்பார். பாத்திரங்களையும் அப்படியே. விளக்கி, அலசி, துடைத்து, பிறகு மெஷினுக்குள் அடுக்குவார்.

"அக்கா, கழுவின பாத்திரத்தை எதுக்கு மெஷின் கழுவணும்?"

"எச்சில் தட்டை அதுகிட்ட எப்படிக் கொடுக்கறது? புதுசா வந்திருக்கு, நம்மளை என்ன நினைக்கும்?"

விழுந்து விழுந்து சிரித்தேன். அதை மகனுக்குத் தொலைபேசியில் சொல்லி அவனையும் சிரிக்கவைத்தேன். பிறகு அவர் கசக்குவதை நிறுத்தவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். வீங்கிய மணிக்கட்டைக் காட்டித் திட்டினேன். அக்கறையில்தான். "சொல்றதைக் கேளுங்க. ரெண்டு பேரும் நிம்மதியா இருப்போம்" என்றேன். சோப்புக் கட்டிகளை எடுத்து உயரத்தில் வைத்துவிட்டேன். அவர் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினார்.

அதன்பின் மத்தியானங்களில் அவர் சுவரோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். முழுக்கச் சாயமாட்டார், நுனியில்தான் உட்கார்வார். பேருந்து நிலையத்தில் உட்காருகிற மாதிரி. ஆமை அவரை நோக்கி வந்தால் இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டு வழிவிடுவார். "அது வேலையா போகுது, நாம எதுக்குக் குறுக்க" என்பார். படியுங்கள் என்று புத்தகம் கொடுத்தேன். கண் தெரியவில்லை என்றார். கண்ணாடி வாங்கிக்கொடுத்தேன். போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பி, "உனக்கு இவ்வளவு நரைச்சிருச்சா!" என்றார். புத்தகத்தை விரித்தபடியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்றும் நடந்தது. அப்போது நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. வாஷிங் மெஷின் வந்த சில வாரங்களில் அக்கா சாயங்கால டீயோடு பிஸ்கட் எடுப்பதை விட்டார். "வயசாகுதில்ல" என்றார். பாத்திர மெஷின் வந்தபின் மத்தியானம் இரண்டாம் முறை பரிமாறிக்கொள்வது நின்றது. ஆமை வந்தபின் இரவில் ஒரு டம்ளர் பால் போதும் என்றார். ரவிக்கைகள் தோளில் தொங்க ஆரம்பித்தன. மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, வயதுதான் என்றார். நானும் அதையே நம்பினேன். ஒரு தரம், "என்னக்கா, தட்டைத் தொட்டுப் பார்த்துட்டே எழுந்துடறீங்க" என்று கேட்டேன். "ஓடியாடற உடம்புக்குத்தான் பசிக்கும். எனக்கு என்ன வேலை?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

முப்பத்தாறாவது வருடத்தில் ஒருநாள் மெஷின் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே இரண்டு விரிப்புகள் சோப்புத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. அதைப் பொருத்திய பேச்சுக்காரரை மூன்று தடவை தொலைபேசியில் கூப்பிட்டேன். அவர் எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் விரிப்புகளை வாளியில் அள்ளிக்கொண்டு, இரண்டு வருடங்களுக்குப்பின், நாங்கள் இருவரும் பின்கட்டுக்குப் போனோம்.

அக்கா சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அலசி முடிக்கும்போதே முகம் மாறியிருந்தது. பத்து வயது குறைந்தவர்போல ஒரு முனையை என்னிடம் வீசினார்.

"எந்தப் பக்கம்னு ஞாபகம் இருக்கா?"

"வலப்பக்கம்தானே?"

"பரவாயில்ல. புத்தகம் படிச்சுப் படிச்சு அதெல்லாம் போயிருக்கும்னு நினைச்சேன்."

திருகினோம். தண்ணீர் எங்கள் கால்களுக்கிடையே கொட்டியது. முறுக்கு ஏற ஏற ஒருவரையொருவர் நெருங்கினோம். பழைய கணக்குப்படி இதுதான் பேசவேண்டிய இடம். அக்காவும் பேசினார்.

"சின்னத் தம்பி பொண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கில்ல. கூடமாட ஆளில்லையாம். அவ புருஷனுக்கு ராத்திரி பகல்னு மாறி மாறி ஷிப்டு. பத்து நாள் போயிட்டு வரலாம்னு பார்க்கறேன்."

என் கணவருக்கு ஒரு தம்பி உண்டு, அவர் மகளைத்தான் சொன்னார். பேருந்தில் ஐந்து மணி நேரம்.

"இந்த வயசுலயா? நீங்களே குழந்தை மாதிரி இளைச்சுப் போயிருக்கீங்க."

"கை கால் இருக்கில்ல."

"அங்க மெஷினெல்லாம் இருக்கா?"

"இல்லையாம். அதான் கூப்பிடறாங்க."

நான் கேலியாகத்தான் சொன்னேன். "அங்க போய்த் துணி துவைக்கறதுக்கு, இங்கயே சும்மா உட்கார்ந்து சாப்பிடலாம்ல?"

அவர் கையில் முறுக்கு நின்றது. என் முனையில் அதை உணர்ந்தேன். துணி வழியாக அது தெரியும்.

"அதான் ரெண்டு வருஷமா சாப்பிட்டாச்சே" என்றார் அக்கா. சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிந்தது. வாசற்படியில் நான் சொன்ன பழைய வார்த்தை தொண்டைக்கு வந்தது. அதற்கு மாற்றாகச் சொல்லவேண்டியதும் கூடவே வந்தது. "அக்கா, நீங்க ஒண்ணும்..." என்று ஆரம்பித்தேன்.

உள்ளே தொலைபேசி அடித்தது.

"மெஷின்காரராத்தான் இருக்கும். விட்டா பிடிக்க முடியாது" என்று சொல்லி, என் முனையையும் அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன்.

அவர்தான். நாளைக்குக் காலையில் வருவதாகச் சொன்னார். எந்த மாடல், என்ன சத்தம், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அவருக்கே உரிய விதத்தில் விலாவாரியாகக் கேட்டார். நானும் சொன்னேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்பிவந்தபோது இரண்டு விரிப்புகளும் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தன. நன்றாகப் பிழிந்து, உதறி, ஓரம் இழுத்துவிட்டு, ஒரு சொட்டு வடியாமல். அக்கா வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வரானாமா?"

"நாளைக்குக் காலையில."

"நல்லது" என்றார். நான் விட்ட வாக்கியம் என்னவென்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலை முதல் பேருந்தில் கிளம்பினார். தகரப் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தபோது, "பத்து நாளைக்கு எதுக்குக்கா பெட்டி?" என்றேன். "எல்லாம் இதுலதானே இருக்கு. தனியா என்னத்தைப் பொறுக்கி எடுக்கறது?" என்றார். குடையையும் எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, "ஆமை வழி தெரியாம சுத்தும், பார்த்துக்கோ" என்றார். அவர் போன ஒரு மணி நேரத்தில் பேச்சுக்காரர் வந்தார். தண்ணீர் போகும் குழாயில் என் ரவிக்கைப் பொத்தான் ஒன்று சிக்கியிருந்தது. எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பத்து நாள் இருபதாயிற்று. தொலைபேசியில் குழந்தை அழும் சத்தத்துக்கு நடுவே அக்கா சத்தமாகப் பேசுவார். "இங்க தலைக்கு மேல வேலை" என்பார். குரலில் தெம்பு இருந்தது. "எப்போ வர்றீங்க?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டேன். "வாங்க" என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்று இப்போது தெரிகிறது. அப்போது வீடு அமைதியாக இருந்தது. எனக்குப் படிக்கப் புத்தகம் இருந்தது. வரும்போது வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஒன்பதாவது வாரத்தில் ஒரு காலை கொழுந்தனார் மகள் கூப்பிட்டாள். அழுகையில் முதலில் ஒன்றும் புரியவில்லை. அக்கா துணி உலர்த்திவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார். டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது தலை சாய்ந்திருந்ததாம்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போனபின், நான் இரண்டு நாள் அங்கே தங்கினேன். சின்ன வீடு. பின்னால் ஆள் ஒருவர் நிற்கும் அளவுக்கு இடம், குழாய், இரும்புக் கம்பி போட்ட ஜன்னல். அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி பேசிக்கொண்டேயிருந்தாள். துக்கத்தில் சிலர் அப்படித்தான்.

"பெரியம்மா, அத்தை வந்தப்போ எலும்பும் தோலுமா இருந்தாங்க. நான் பயந்தே போயிட்டேன். இங்க வந்து நல்லா தேறிட்டாங்க. தினமும் மூணு வேளையும் நல்லா சாப்பிட்டாங்க. ரெண்டாம் தடவை நானே கேட்டுப் போடலாம்னு இருந்தா, அவங்களே எடுத்துப் போட்டுக்குவாங்க. சாயங்காலம் டீக்கு நாலு பிஸ்கட்டு. துவைச்சு முடிச்சு, பாத்திரம் கழுவிட்டு வந்து, 'இப்போ சாப்பிடலாம், இப்போ தப்பில்ல'ன்னு சொல்லிட்டு உட்காருவாங்க. அது என்னமோ அப்படி ஒரு பேச்சு."

நான் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிஸ்கட், இரண்டாம் பரிமாறல், இரவுச் சாப்பாடு. ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் வீட்டில் நின்றுபோன வரிசை ஞாபகம் வந்தது. மெஷின்கள் வந்த வரிசையும்.

"நீ ஒத்தாசைக்குக்கூட நிக்கலையா? விரிப்பெல்லாம் எப்படிப் பிழிஞ்சாங்க?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. வேறு எதைக் கேட்பது.

"அதுக்கு எதுக்குப் பெரியம்மா ஆளு? ஜன்னல் கம்பியில ஒரு சுத்து சுத்தி மாட்டிட்டு, மறுமுனையைப் பிடிச்சு முறுக்குவாங்க பாருங்க, அப்படியே சக்கையா வந்துடும். எனக்குக்கூடச் சொல்லிக்கொடுத்தாங்க. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தானாம்."

தகரப் பெட்டியையும் குடையையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பெட்டியில் ஆறு சேலைகள், நான் வாங்கிக்கொடுத்த கண்ணாடி, மகன் சின்ன வயதில் வரைந்த ஒரு யானை. சேலைகளை எடுத்து அலமாரியில் அந்தத் தட்டில் அடுக்கினேன். அட்டவணை எழுதிய கை, அடுக்குவது நன்றாகவே வரும்.

பிறகு பின்கட்டுக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப்பக்கம், கொடி கட்டுவதற்காக நட்ட ஓர் இரும்புக் குழாய்த் தூண் இருக்கிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருக்கிறது. மேலிருந்து கீழ்வரை துரு. இடுப்பு உயரத்தில் ஒரு சாண் அளவுக்கு மட்டும் துரு இல்லை. தேய்ந்து, வழவழவென்று, பாத்திரம்போலப் பளபளத்தது. விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில் ஏற்படுகிற தேய்மானம் இல்லை அது. நான் நூலகத்தில் இருந்த வாரநாட்களில் திரைச்சீலைகளும் போர்வைகளும் கனத்த துணிகளும் அங்கே சுற்றிச் சுற்றி முறுக்கப்பட்டிருக்கின்றன. போர்வையையே தனியாகப் பிழியத் தெரிந்தவர் விரிப்புகளை ஏன் ஞாயிற்றுக்கிழமைவரை ஒதுக்கிவைத்தார் என்று கேட்க இனி ஆளில்லை.

மெஷினைக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். கொடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது இன்னும் பிடித்துத்தான் இருக்கிறது. பாத்திரம் கழுவுவது, பெருக்குவது எல்லாவற்றையும் அவைதான் பார்த்துக்கொள்கின்றன. இந்தப் பக்கங்களை எழுதுவதற்கான பொழுதைக் கொடுத்ததும் அவைதான். ஆமை கட்டிலுக்கடியில் போய், பெட்டி இருந்த இடத்தில் இடிக்க ஒன்றுமில்லாமல், சுவர்வரை போய்த் திரும்புகிறது.

விரிப்பை மட்டும் மெஷினில் போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கையால் துவைத்து, ஒரு முனையைத் தூணில் மாட்டி, என் வலப்பக்கமாகத் திருகுகிறேன். நன்றாகவே பிழிகிறது. இடுப்பு வலிக்கிறது. முறுக்கு ஏற ஏறத் தூணை நெருங்கிப் போகிறேன். போனதும், அன்று தொலைபேசி அடித்ததும் விட்டதை, விட்ட இடத்திலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். "அக்கா, நீங்க ஒண்ணும் ஒத்தாசைக்காக இங்க இல்ல." அதற்குமேல் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. தண்ணீர் வடிந்து நிற்கும்வரை பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பிறகு உதறி, ஓரம் இழுத்துவிட்டுக் காயப்போடுகிறேன்.